தொலைக்காட்சியில் பேச்சுத் தெளிவாகக் கேட்பதற்கு எந்த ஸ்பீக்கர்?

உங்கள் கேள்வியின் தலைப்பு "40,000 ரூபாவுக்குள் ஹோம் தியேட்டரா, சவுண்ட்பாரா?" என்று இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடி வீடு, பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி ஹோல், சுவரில் மாட்டிய 43 அங்குலத் தொலைக்காட்சி என்று விவரமும் தந்திருக்கிறீர்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடைக்காரர் "8000 வாட்" என்று அச்சிட்ட ஹோம் தியேட்டர்ப் பெட்டி ஒன்றையும், தொலைக்காட்சிக்குக் கீழே நீளவாக்கில் வைக்கும் மெல்லிய சவுண்ட்பார் ஒன்றையும் காட்டினாராம். எதை வாங்குவது என்பது கேள்வி. ஆனால் நடுவில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அம்மா சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார், கூட்டினால் காதைக் குடைகிறது என்கிறார், அதற்குப் பிறகும் "இப்ப அவன் என்ன சொன்னவன்?" என்று உங்களிடமே கேட்கிறார். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. சொற்கள்தான் அம்மாவை வந்து சேரவில்லை. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தேவையில்லாத பெட்டியோடு திரும்பி வருகிறார்கள்.

இருபத்தெட்டு வருடங்களாக வானொலி, அம்ப்ளிபயர், ஸ்பீக்கர் திருத்துகிற தொழில் செய்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன். நான் காது வைத்தியன் அல்ல, உங்கள் ஹோலைப் பார்த்தவனும் அல்ல. ஆகவே எது நிச்சயம், எது என் ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நிச்சயமானது. இன்றைய தொலைக்காட்சிகள் மெலிந்துபோனதால் அவற்றின் ஸ்பீக்கர்களும் மெலிந்து, முகப்பில் இடமில்லாமல் அடிப்பக்கமோ பின்பக்கமோ பார்த்தபடி பொருத்தப்படுகின்றன. இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 இல் தொடங்கிய காலத்தில் வீடுகளுக்கு வந்த பெட்டிகளில் திரைக்குப் பக்கத்திலோ கீழேயோ ஒரு முட்டைவடிவ ஸ்பீக்கர் நேரே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது உயர்ந்த தரம் என்று சொல்லமாட்டேன், ஆனால் செய்தி வாசிப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினார். இப்போது அவர் தரையைப் பார்த்துப் பேசுகிறார். தாழ்ந்த சுரங்கள் எங்கே பார்த்து ஒலித்தாலும் அறை முழுவதும் பரவிவிடும். உயர்ந்த அதிர்வெண்கள் ரோர்ச் வெளிச்சம்போல் நேர்க்கோட்டில் போகிறவை. வழியில் திரும்பினால் தேய்ந்துவிடும். பேச்சில் உயிரோசைகளின் பலம் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது, ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யோசைகளின் அடையாளமோ பெரும்பாலும் 2000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. "சத்து", "பத்து", "கத்து" மூன்றையும் முதல் மெய் இல்லாமல் சொல்லிப்பாருங்கள், மூன்றும் ஒன்றாகிவிடும். ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டும்போது உயிரோசையும் பின்னணி இசையும் சேர்ந்தே கூடுகின்றன, குறைபட்ட மெய் குறைபட்டபடியே இருக்கிறது. காது குடைவதும் சொல் விளங்காமல் போவதும் ஒரே வேளையில் நடப்பது அதனால்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். சப்பாத்துப் பெட்டி மூடி ஒன்றை எடுத்து, செய்தி போய்க்கொண்டிருக்கும்போது தொலைக்காட்சியின் கீழ் விளிம்பை ஒட்டி, கதிரையைப் பார்த்துச் சாய்வாகப் பிடியுங்கள். ஸ்பீக்கர் கீழ்நோக்கியதாக இருந்தால், மட்டையை வைத்ததும் "ச"வும் "ட"வும் முன்னுக்கு வருவதும் எடுத்ததும் மங்குவதும் தெளிவாகத் தெரியும். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இதைச் செய்து காட்டியபோது, அவர் புது ஸ்பீக்கர் வாங்காமல் அந்த மட்டையையே ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டார். இரண்டு வருடம் அப்படியே இருந்தது. பார்க்க நன்றாக இல்லை, பேச்சு நன்றாக இருந்தது.

அடுத்தது, பணம் செலவழிக்குமுன் கட்டாயம் செய்யவேண்டிய சோதனை. பற்றரியில் ஓடும் சின்ன வானொலி ஒன்றை அம்மாவுக்கு எதிரே மூன்று அடி தூரத்தில் மேசையில் வைத்து, இசை இல்லாத தமிழ்ச் செய்தி அறிக்கை ஒன்றை நீங்கள் சாதாரணமாகப் பேசும் அளவுச் சத்தத்தில் விடுங்கள். ஒவ்வொரு வசனத்தையும் அவர் திருப்பிச் சொன்னால், குறை தொலைக்காட்சியிலும் அறையிலும் இருக்கிறது. நல்ல ஸ்பீக்கர் அதைத் தீர்க்கும். அங்கேயும் சொற்கள் தவறினால், கடைக்குப் போகுமுன் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வயதோடு வரும் செவிக்குறைவு உயர்ந்த அதிர்வெண்களைத்தான் முதலில் தின்கிறது, அதாவது மேலே சொன்ன அதே மெய்யோசைகளை. சில வேளைகளில் காரணம் வெறும் காதுக்குறும்பியாகவும் இருக்கும். அதை எடுத்துவிட்டால் ஸ்பீக்கர் செலவே மிச்சம். உங்கள் அம்மாவுக்கு எது என்று எழுத்தை வைத்து நான் சொல்லமுடியாது, சொல்லவும் கூடாது.

வானொலிச் சோதனையில் அவர் தேறினார் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். செலவில்லாத திருத்தங்கள் சில உண்டு. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் "சரவுண்ட்", "சினிமா" போன்றவை இருந்தால் நிறுத்திவிட்டு, பேச்சுக்கு அல்லது செய்திக்கு என்று இருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். பாஸை (தாழ்ந்த ஒலியை) குறைத்து ட்ரெபிளை (உயர்ந்த ஒலியை) கொஞ்சம் ஏற்றுங்கள். இணையவழிப் படச் சேவைகளில் ஒலித்தடம் 5.1 (பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்த ஒலி) என்று இருந்தால், அதே மொழியில் இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோத் தடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். 5.1 கலவையில் பேச்சு நடு அலைவரிசையில் வருகிறது. அதை இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் மடித்து அடக்கும்போது இசையோடு மோதிப் பின்னுக்குப் போய்விடக்கூடும். கூரை மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றால் அதன் இரைச்சல் மெல்லிய மெய்களை மூடிவிடும், ஒரு படி குறைத்துப் பாருங்கள். டைல் தரை, வெறும் சுவர், கண்ணாடி யன்னல் மூன்றும் சேர்ந்த கொழும்புத் தொடர்மாடி ஹோலில் கைதட்டினால் ஒரு "ரிங்" வரும். அந்த எதிரொலி ஒவ்வொரு சொல்லின் வாலையும் அடுத்த சொல்லின் தலையில் கொண்டுபோய் விடுகிறது. தடித்த திரைச்சீலையும் கதிரைகளுக்கு நடுவே ஒரு கம்பளமும் அதைப் பெருமளவு அடக்கும். கரையோர ரயில் போகும் அரை நிமிடத்துக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை.

இனி அந்த "8000 வாட்" பெட்டி. அப்படி அச்சிடுவது பி.எம்.பி.ஓ. (PMPO), அதாவது கணநேர உச்ச வலு என்று சொல்லிக்கொள்ளும் கணக்கு, அதற்கு ஒழுங்கான அளவுமுறையே கிடையாது, விற்பவர் விரும்பிய எண்ணை எழுதிக்கொள்ளலாம். பின்பக்கத் தகட்டைத் திருப்பிப் பார்த்தால் சுவரிலிருந்து அது எடுக்கும் மின்சாரம் 60 வாட் என்று பல வேளைகளில் எழுதியிருக்கும். உள்ளே போவது 60 என்றால் வெளியே 8000 எப்படி வரும்? பார்க்கவேண்டிய எண் ஆர்.எம்.எஸ். (RMS) வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வலு. அதற்கும் மயங்கவேண்டாம்: வலுவை இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல்தான் (டெசிபெல் ஒலியளவின் அலகு) கூடும், காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். உங்கள் ஹோல் அளவுக்கு ஒரு பக்கத்துக்கு இருபது ஆர்.எம்.எஸ். வாட் தாராளம். மலிவான ஹோம் தியேட்டரில் பணத்தின் பெரும்பங்கு தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் பெட்டிக்கும் மினுங்கும் விளக்குகளுக்கும் போகிறது. மெய்யோசை வரவேண்டிய சின்ன ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் ரின் டப்பாவில் பொருத்திய கடுதாசிக் கூம்புகள். அம்மாவின் குறை தீராது. கீழ்வீட்டுக்காரருக்கு மட்டும் சப்வூஃபர் நன்றாகக் கேட்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: அதை வாங்காதீர்கள்.

சவுண்ட்பாருக்கும் ஒரு சோடி ஸ்பீக்கருக்கும் இடையிலான தெரிவில் ஒரே பதில் கிடையாது, என் விருப்பம் கலந்தது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சவுண்ட்பாரின் பெரிய பலம் ஒலியில் இல்லை, ரிமோட்டில் இருக்கிறது. தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ. துவாரங்களில் ஒன்றின் பக்கத்தில் ஏ.ஆர்.சி. (ARC) என்று பொறித்திருக்கும், தொலைக்காட்சியின் ஒலியை வெளி ஸ்பீக்கருக்கு அனுப்புவதற்காக 2009 இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்போடு அறிமுகமான வசதி அது. அந்த ஒரு துவாரத்தில் சவுண்ட்பாரை இணைத்துக் கட்டுப்பாட்டு வசதியையும் இயக்கிவிட்டால் (சாம்சுங் அதை எனிநெட் பிளஸ் என்றும் எல்ஜி சிம்ப்ளிங்க் என்றும் சோனி பிராவியா சிங்க் என்றும் பெயரிட்டிருக்கின்றன), அம்மா கையிலிருக்கும் பழைய ரிமோட்டே எல்லாவற்றையும் இயக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல. பகலில் நீங்கள் வேலைக்குப் போனபின் இரண்டாவது ரிமோட்டோடு அவர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தால், எவ்வளவு நல்ல ஸ்பீக்கரும் அலுமாரிக்குள்தான் போகும். சோனியின் HT-S100F போன்ற சப்வூஃபர் இல்லாத எளிய வகை உங்கள் தேவைக்குப் போதும். எதை வாங்கினாலும் ஸ்பீக்கர்கள் முன்நோக்கி இருக்கின்றனவா, "வொய்ஸ்" என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒலியை மட்டும் பார்த்தால், அதே பணத்துக்கு அம்ப்ளிபயர் உள்ளேயே இருக்கும் ஒரு சோடிப் புத்தகத்தட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலான மலிவுச் சவுண்ட்பார்களைவிடத் தெளிவாகப் பேசும் என்பது என் அனுபவம். காரணம் எளியது: நான்கு அங்குலக் கூம்பு ஒன்று, மேலே தனியாக ட்வீற்றர் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) ஒன்று, அவற்றைச் சுற்றி உண்மையான மரப்பெட்டி. எடிஃபயர் R1280T இதற்கு நல்ல உதாரணம். இரு பக்கமும் சேர்த்து 42 ஆர்.எம்.எஸ். வாட். அதே வகையில் DB என்று முடிவதில் (R1280DB) ஒலியை ஒளியாக வாங்கும் ஒப்டிக்கல் துவாரமும் இருக்கிறது, தொலைக்காட்சிக்கு அதுவே பொருத்தம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிச் சாமான் விற்பவர்களிடம் இந்த வகைச் சாமான்களைத் தேடலாம். விலை எழுதமாட்டேன், 2022 இல் ரூபா விழுந்த பிறகு ஒரு மாதத்து விலை அடுத்த மாதம் நிற்கும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. வைக்கும் முறையும் ஸ்பீக்கரின் பாதி: ட்வீற்றர் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில், இரண்டும் கதிரையைப் பார்த்துச் சற்றுத் திரும்பியபடி, மூலையில் ஒட்டாமல் இருக்கவேண்டும். மூலையில் வைத்தால் பாஸ் பெருகி மறுபடி மெய்யோசையை மூடும்.

இணைப்பில் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். புளூடூத்தைத் தொலைக்காட்சிக்கு நம்பவேண்டாம். சாதாரணப் புளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை பிந்துவது வழமை. ஒலி படத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 125 மில்லிசெக்கன் பிந்தினாலே பார்ப்பவர் உணரத் தொடங்குகிறார் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் உள்ள அளவு. காது மங்கியவர்கள் தம்மை அறியாமலே உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்கிறார்கள், உதடும் ஒலியும் பிரிந்தால் அந்த உதவியும் போய்விடும். ஒப்டிக்கல் வயரில் இணைத்தால் தொலைக்காட்சியின் டிஜிட்டல் ஒலி அமைப்பைப் பி.சி.எம். (PCM, சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள், இந்த ஸ்பீக்கர்களுக்கு விளங்காத டொல்பி வடிவில் விட்டுவிட்டு "புது ஸ்பீக்கர் பழுது" என்று என்னிடம் தூக்கிவந்தவர்கள் பலர். ஒப்டிக்கலில் பெரும்பாலும் தொலைக்காட்சி ரிமோட்டால் சத்தத்தை மாற்றமுடியாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அதற்கு ஈடாக இரண்டு நன்மைகள் உண்டு: அதில் உலோகம் ஓடாததால் கேபிள் பெட்டியிலிருந்து வரும் "ம்ம்ம்" என்ற முணுமுணுப்பும் வராது, இடிமின்னல் காலத்தில் டிஷ் வயர் வழியாக வரும் அதிர்ச்சி அந்த வழியாக ஸ்பீக்கருக்குப் பாயவும் பாயாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் மின்னத் தொடங்கினால் எல்லா பிளக்குகளையும் கழற்றிவிடுவதுதான் இன்னும் சரி. மின்னலுக்கு மறுநாள்தான் என் மேசை நிரம்பும்.

நீங்கள் கேட்காத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, உங்கள் அம்மாவுக்கு அதுவே மிகப் பொருத்தமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஒரு சின்ன ஸ்பீக்கரை அவருடைய கதிரைக்குப் பக்கத்திலேயே, இரண்டு மூன்று அடி தூரத்தில், ஒரு ஸ்டூலில் வைத்துவிடுங்கள். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் நேரே வரும் ஒலி 6 டெசிபெல் கூடும். பன்னிரண்டு அடியிலிருந்து மூன்று அடிக்கு வந்தால் 12 டெசிபெல், ஒரு வாட் வலுவும் கூடச் செலவழிக்காமல். அறையின் எதிரொலி அப்படியே இருக்க நேரொலி மட்டும் கூடுவதால் சொற்கள் பிரிந்து கேட்கும். தொலைக்காட்சியில் ஹெட்போன் துவாரம் இருந்தால் நீண்ட வயர் ஒன்றைச் சுவரோரமாக ஓட்டி, யு.எஸ்.பி. மின்சாரத்தில் இயங்கும் கிரியேற்றிவ் பெபிள் போன்ற மலிவான சோடியைக்கூட இணைக்கலாம். ஒரு தடை உண்டு: பல தொலைக்காட்சிகள் ஹெட்போன் செருகியதும் தம் சொந்த ஸ்பீக்கரை நிறுத்திவிடும். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடும் தெரிவு அமைப்பில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், இல்லாவிட்டால் நீங்களும் அம்மா பக்கத்தில் போய் உட்காரவேண்டியதுதான். ஒருவேளை அவருக்கு அதுவும் பிடிக்கும்.

பழைய ஜப்பான் அம்ப்ளிபயர்களைப் பற்றி யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும், அதனால் ஒரு எச்சரிக்கை. அவற்றில் பல அருமையானவை, ஆனால் ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்தவை 100 வோல்ட்டுக்கானவை. நம் சுவரில் இருப்பது 230. தொழிலுக்கு வந்த புதிதில், பின்தகட்டை வாசிக்காமல் அப்படி ஒன்றை நேரே செருகினேன். முதலில் மீன் கருகுவதுபோல் ஒரு மணம், பிறகு "டப்" என்று ஒரு சத்தம், பிறகு என் முதலாளியின் முகம். வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் அவற்றைத் தொடவேண்டாம். பழைய ஸ்பீக்கர் வாங்கினால் கூம்பின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப்பாருங்கள். ஸ்பொஞ்ச் விளிம்புகள் நம் ஈரக் காற்றில் சில வருடங்களில் மாவாக உதிர்ந்துவிடும், ரப்பர் விளிம்பு நெடுநாள் நிற்கும். உப்புக்காற்று வீசும் உங்கள் பகுதியில் வயர் முனைகளிலும் களிம்பு ஏறும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்குகளைக் கழற்றி முறுக்கிச் செருகுங்கள். பின்துளை உள்ள பெட்டி என்றால் அந்தத் துளைக்கு ஒரு துண்டு நுளம்புவலை கட்டுவது என் வழக்கம். உள்ளே பல்லி முட்டையிட்டிருந்த ஸ்பீக்கரை நான் ஒருமுறைக்கு மேல் திறந்திருக்கிறேன்.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் அம்மாவுக்கு விளங்காமல் போன நாடகத்தின் ஐந்து நிமிடத்தையும் ஒரு செய்தி அறிக்கையையும் கொண்டுபோங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டைக் கேட்காதீர்கள். அது எந்தப் பெட்டியிலும் நன்றாக ஒலிக்கும்படி தெரிவுசெய்த பாட்டு. சத்தத்தைத் தாழ்வாக வைத்து, அம்மாவைத் திரைக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நாடகத்தை எந்தப் பெட்டியிலும் அவரால் பிடிக்கமுடியாமல், செய்தியை மட்டும் பிடிக்கமுடிந்தால், குற்றம் நாடகத்தின் ஒலிக்கலவையில் இருக்கலாம்; இயக்குநர் இசையில் மூழ்கடித்த வசனத்தை ஸ்பீக்கர் மீட்டுத் தராது. உத்தரவாதப் பத்திரத்தில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். தட்டைக் காலுள்ள பிளக்கோடு வந்தால், தளர்வான அடப்டரில் செருகாமல், பியூஸ் உள்ள சதுரக்கால் 13 அம்பியர் பிளக்கை நன்றாகத் தெரிந்த ஒருவரைக்கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் வானொலிச் சோதனையைச் செய்து முடிவையும், உங்கள் தொலைக்காட்சியின் பின்புறத்தில் எந்தெந்தத் துவாரங்கள் இருக்கின்றன என்பதையும் எழுதினால், மூன்று வழியில் எது என்று இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன்.